சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்

காரைக்குடிப் பக்கம் எந்த டீக்கடையில் கிரிக்கெட் பேச்சு ஆரம்பித்தாலும் இப்போதெல்லாம் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஒருவர் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார். இந்தப் பக்கம் ஒரு வீரர், அந்தப் பக்கம் ஒரு வீரர், நடுவில் ஆட்டம், ஓட்டம், சராசரி, சதம். "இந்தா பாரு, இதுக்கு மேல என்ன பேச்சு?" எதிரில் இருப்பவரும் லேசில் விடமாட்டார். "அதெல்லாம் ஏட்டுக் கணக்கு மாப்ள. ஆட்டத்தைக் கண்ணால பாக்கணும்."

எனக்கு இந்த இரண்டு கட்சியோடும் ஒத்துப்போகாது. அதிலும் எரிச்சலைக் கிளப்புவது இரண்டாவது கட்சிதான். கணக்கே வேண்டாம் என்கிற அதே ஆள் அடுத்த மூச்சில் "அவன் எத்தனை செஞ்சுரி அடிச்சிருக்கான் தெரியுமா?" என்பார். சதம் கணக்கு இல்லையாம்! என்னைக் கேட்டால், கிரிக்கெட்டில் இருக்கிற எண்களிலேயே மட்டமானது அதுதான். 99-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஓட்டம். ஒன்று ஏட்டில் ஏறும், மற்றது ஏறாது.

1975 ஜனவரி, சேப்பாக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் அந்த இன்னிங்ஸில் 64 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இந்தியா மொத்தமே 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனதால் நின்றுபோன 97 அது. அந்த டெஸ்டை இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆனால் விஸ்வநாத்தின் 14 டெஸ்ட் சதங்களைத் தேடுகிற ஆளுக்கு இந்த ஆட்டம் கண்ணிலேயே படாது. அதற்காகக் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. வேறு கணக்குப் போடச் சொல்கிறேன். அணி எடுத்ததில் அவர் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்: 190-இல் 97, பாதிக்கு மேல். ஒரு வகுத்தலில் விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

சேப்பாக்கம் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பெருமிதம் வரும். மைதானத்துக்குப் பெயரே எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம் ஆயிற்றே! பெருமிதம் சரி. தமிழ்நாடு பிரீமியர் லீகில் "காரைக்குடி காளை" என்று நம் பெயரில் ஒரு அணி இருந்ததே, அது காரைக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பின்னால் திருப்பூர் அணியாக மாறியும் போய்விட்டது. இதற்கு எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம்.

அந்த அணிக்குத் தலைவராக இருந்த பத்ரிநாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்தர ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களுக்கு மேல், சராசரி 54. ஆடக் கிடைத்த டெஸ்ட் இரண்டே இரண்டு. 2010-இல் நாக்பூரில் முதல் டெஸ்டிலேயே 56 அடித்தும் நிலைக்க முடியவில்லை. "சராசரிக்கு மதிப்பு இருந்தால் இது நடக்குமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து நடுவரிசையை நினைத்துப் பாருங்கள்: திராவிட், சச்சின், லட்சுமண். எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் காலி இடத்தை அதுவா உண்டாக்கும்?

சரி, சராசரிக்கு வருவோம். மொத்த ஓட்டத்தை, ஆடிய இன்னிங்ஸால் வகுப்பதில்லை. எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறார்கள். தோனியின் ஒருநாள் சராசரி 50.57 என்று சொல்லும்போது, 297 இன்னிங்ஸில் 84 முறை அவர் நாட் அவுட் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. உடனே ஒரு புத்திசாலி கிளம்புவார்: "10,773-ஐ 297-ஆல் வகுத்தால் 36தான் வருது, பாத்தியா?" அதுவும் ஏமாற்றுதான். ஐந்தாவது, ஆறாவது ஆளாக உள்ளே வருகிறவருக்கு மிஞ்சுவது சில ஓவர்கள். தொடக்க ஆட்டக்காரருக்கோ முழு 50 ஓவரும் கையில் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே வகுத்தலில் போட்டால் யாருக்கு நியாயம்? ஆறாவது ஆளை ஆறாவது ஆளோடு நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம்.

நாட் அவுட் கூத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் 1975 உலகக் கோப்பையில் இருக்கிறது. லார்ட்ஸில் இங்கிலாந்து 60 ஓவரில் 334. பதிலுக்கு கவாஸ்கர் கடைசி வரை நின்று 174 பந்தில் 36. இந்தியா 132-க்கு 3. வெட்கக்கேடான ஆட்டம். ஆனால் அவர் அவுட் ஆகவில்லை அல்லவா, சராசரி கணக்கில் அந்த 36 ஓட்டமும் இலவச வரவு!

இதன் பக்கத்தில் 2021 சிட்னி டெஸ்டின் கடைசி நாளை வையுங்கள். தொடைத்தசை பிடித்துக்கொண்டு ஓட முடியாமல் ஹனுமா விஹாரி 161 பந்து நின்று 23. இந்தப் பக்கம் அஸ்வின் 128 பந்தில் 39. இரண்டு பேரும் அவுட் ஆகாமல் ஆட்டத்தை டிரா செய்தார்கள். (அன்று இந்தியா எடுத்ததும் 334 என்பது வேடிக்கை.) ஸ்ட்ரைக் ரேட்டை, அதாவது 100 பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பதைப் பார்த்தால் விஹாரி 14, கவாஸ்கர் 21. ஸ்ட்ரைக் ரேட்டே வேதம் என்கிற தம்பிகளே, இதில் யார் நன்றாக ஆடினார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இலங்கையின் முரளிதரனா, ஆஸ்திரேலியாவின் வார்னா என்ற சண்டையும் இதே ரகம்தான். டெஸ்ட் விக்கெட்டில் 800 பெரிதா, 708 பெரிதா? "லேசான டீம், ஜிம்பாப்வே, வங்கதேச விக்கெட்டை எல்லாம் கழி" என்பார் வார்ன் ஆள். கழித்தால் முரளிக்கு 176 போய் 624, வார்னுக்கு 17 போய் 691. "அப்படியா, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்கு வார்ன் ஒரு டெஸ்டிலாவது பந்து போட்டாரா?" என்பார் முரளி ஆள். இரண்டுமே நியாயமான கேள்வி. கழிப்பது தப்பில்லை, ஆனால் தனக்குத் தோதான பக்கம் மட்டும் கழித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள் பாருங்கள், அதுதான் தப்பு.

செட்டிநாட்டில் இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன கடைகளில் பெட்டியடிப் பையன், அதாவது தொழில் பழக வந்த பையன், முதலில் பழகியது கணக்கு எழுதத்தான். ஐந்தொகையில், அதாவது வரவு செலவு முடிப்புக் கணக்கில், வரவேண்டிய நிலுவை பெரிதாக நின்றால் முதலாளி உடனே குளிர்ந்துவிட மாட்டார். யார் பேரில் நிலுவை, எத்தனை நாளாக நிற்கிறது, வருமா வராதா என்று பேரேட்டைப் புரட்டச் சொல்வார். கீழே இருக்கிற ஒற்றைத் தொகையை நம்பிக் கடை நடத்தியவர் யாரும் ஊர் திரும்பி வீடு கட்டவில்லை. அந்த ஊரில் பிறந்துவிட்டு நாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சராசரியை வைத்துக்கொண்டு குதிக்கிறோம்.

உள்ளூர் ஆட்டத்துக்கும் இப்போது ஸ்கோர் போடுகிற செயலி வந்துவிட்டது. டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் ஆடுகிற பையன்கூட "அண்ணே, என் ஸ்ட்ரைக் ரேட் 180" என்று காட்டுகிறான். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் ஆடுகிற பொட்டலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே முனையிலிருந்துதான் பந்து போடுவார்கள். பேட்டைப் பிடித்து பவுலரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் கண்மாய்க்கரை. கரையில் பந்து பட்டாலே நாலு, தாண்டினால் ஆறு. பெரிய தூரமும் இல்லை. வலப்பக்கம் முழுக்க சீமைக்கருவேலம். முள்ளுக்குள் பந்து போனால் யார் போய்த் தேடுவது? அதனால் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் அடித்தாலும் "ரெண்டு டிக்ளேர்", ரெண்டு ஓட்டம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரன் குருட்டாம்போக்கில் லெக் சைடில், அதாவது அந்த இடப்பக்கம், சுற்றினால் கரைக்கு மேலே ஆறு. இடக்கைப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு லெக் சைடு முள்ளுப் பக்கம். அவன் நடு மட்டையில் வாங்கி அடிக்கிற புல் ஷாட் கருவேலங்காட்டின் உச்சியில் போய் விழும், ரெண்டு. செயலியில் இடக்கைப் பையன் 110, வலக்கைக்காரன் 180. வெளியூர் டோர்னமெண்டுக்கு ஆள் எடுக்கும்போது 180-ஐத்தான் கூட்டிப்போகிறார்கள். அங்கே நாலாபக்கமும் ஒரே அளவு எல்லைக்கோடு. 180 அங்கே போய் எல்லைக்கோட்டில் கேட்ச் கொடுத்துவிட்டு வருகிறது. செயலி பொய் சொல்லவில்லை. முள்ளு எந்தப் பக்கம் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, 2023 உலகக் கோப்பை. இந்தியா வரிசையாக 10 ஆட்டம் ஜெயித்து, அகமதாபாத் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 6 விக்கெட்டில் தோற்றதும், "போடா உன் புள்ளிவிவரமும் நீயும்" என்று எனக்கு வந்த மெசேஜுகளுக்கு அளவில்லை. ஒரு கணக்குப் போடுவோம். 100-க்கு 80 ஆட்டம் ஜெயிக்கிற அசுரப் படை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணி 11 ஆட்டத்தையும் ஒன்றுவிடாமல் ஜெயிப்பதற்கு வாய்ப்பு 100-க்கு 9 கூட இல்லை. 0.8-ஐ 11 முறை பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல அணி ஒருநாள் தோற்கும் என்பதைத்தான் கணக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜாதகம் மாதிரி "கப் நமக்குத்தான்" என்று அது எப்போது சொன்னது?

பொங்கல் டோர்னமெண்டுக்கு இந்த முறை கமிட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள். தொடர் நாயகன் விருதை மொத்த ஓட்டத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். அணியின் ஓட்டத்தில் அவன் பங்கு எவ்வளவு, கடைசி இரண்டு ஓவரை யார் போட்டார், எத்தனை கொடுத்தார், முள்ளுப் பக்கம் போன "ரெண்டு" எத்தனை என்று ஸ்கோர் எழுதுகிற தம்பி ஒரு நோட்டில் தனியாகக் குறிக்கட்டும். கூடுதலாக ஒரு நோட்டும் பேனாவும்தான் செலவு. கமிட்டிப் பெரியவர் சிரித்துவிட்டார். "ஏப்பா, காரு குடுக்குற மாதிரில்ல பேசுற? குடுக்கப்போறது ஒரு சில்வர் அண்டா."

அண்டாவாகவே இருக்கட்டும் ஐயா, அது அந்த இடக்கைப் பையன் வீட்டுக்குப் போகட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, ஆதரவு தருகிறவர்கள் வந்து கை தூக்குங்கள்.