வைட் சாக்ஸ்: கெட்ஸ் தேறுவாரான்னு அடிச்சுக்கறத விடுங்க, செக்ல கையெழுத்து போடுறது யாரு?

சிகாகோ தெற்குப் பக்கத்துல இந்தக் குளிர்காலம் முழுக்க பேஸ்பால் பேச்சுன்னாலே ஒரே சண்டைதான். ஜிஎம், அதாவது ஆட்டக்காரங்கள வாங்கி வித்து டீமக் கட்டுற ஜெனரல் மேனேஜர், க்ரிஸ் கெட்ஸ் சரியான ஆளா, இல்ல இவரையும் தூக்கணுமா? 2024ல வைட் சாக்ஸ் 41 ஜெயிச்சு 121 தோத்தாங்க. நவீன பேஸ்பால்ல ஒரே சீசன்ல இவ்ளோ தோல்வி எந்த டீமுக்கும் வந்ததில்ல, 1962 நியூயார்க் மெட்ஸ் டீம் கூட 120லயே நின்னுட்டாங்க. 2025ல 60 ஜெயிச்சு 102 தோல்வி. 19 வெற்றி கூடியிருக்கே, ரீபில்டு சரியான பாதையில போகுதுன்னு ஒரு கட்சி. நூறுக்கு மேல தோத்துட்டு என்னய்யா பாதைன்னு இன்னொரு கட்சி. ஆபீஸ் கேன்டீன்ல, ரெட் லைன் ட்ரெயின்ல, கிரவுண்டு வாசல்ல எங்க போனாலும் இதே பேச்சு, நானும் ரெண்டு பக்கமும் கேட்டுக்கேட்டு இப்ப ஒரு முடிவுக்கு வந்துட்டேன், அதத்தான் எழுதுறேன்.

ரெண்டு பேருமே தப்பான ஆளப் பத்தி சண்டை போடுறாங்க.

பேஸ்பால் அவ்வளவா பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். இங்க ஐபிஎல் மாதிரி ஏலம் கெடையாது, கடைசி இடத்துல வந்தா கீழ் டிவிஷனுக்குத் தள்ளவும் மாட்டாங்க. அதனால தோக்குற டீம் நல்ல ஆட்டக்காரங்கள வித்துட்டு அதுக்குப் பதிலா இருவது, இருவத்தொரு வயசுப் பசங்கள வாங்கி, மைனர் லீக்னு சொல்ற கீழ்மட்ட லீக்ல வளத்து, மூணு நாலு வருஷம் கழிச்சு எல்லாரும் ஒண்ணா மேல வரும்போது ஜெயிக்கலாம்னு ஒரு கணக்கு போடும். அதுதான் ரீபில்டு. ரசிகனுக்கு அதுல ஒரே வேலை, பொறுமையா இருக்கறது.

நாங்க பொறுமையா இருந்தோம். ஏற்கெனவே ஒரு தடவ முழுசா இருந்துட்டோம், அத இந்தச் சண்டையில யாருமே சரியா எடுத்து வைக்கறதில்ல.

2016 டிசம்பர்ல அப்போதைய ஜிஎம் ரிக் ஹான், நட்சத்திர பிட்சர் (பந்து போடுறவர்) க்ரிஸ் சேல பாஸ்டனுக்கு அனுப்பிட்டு மோன்காடாவையும் கோபெக்கையும் எடுத்தாரு. அதே வாரம் ஆடம் ஈட்டன குடுத்து ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங். அடுத்த வருஷம் கின்டானாவ இதே ஊரு கப்ஸுக்கே குடுத்து எலோய் ஹிமேனெஸும் டிலன் சீஸும். க்யூபாவுல இருந்து லூயிஸ் ராபர்ட்டுக்கு 2.6 கோடி டாலர் போனஸ். நாடு முழுக்க பத்திரிகைக்காரங்க இந்த ரீபில்ட மாதிரியா எடுத்துக் காட்டினாங்க, பசங்க லிஸ்ட் அவ்ளோ அழகா இருந்துச்சு. அந்தப் பசங்க வளந்தும் வந்தாங்க, அதான் வலிக்குது. 2020ல ஜியோலிட்டோ நோ-ஹிட்டர் போட்டாரு, அதாவது எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்கல, ஹோசே அப்ரேயு எம்விபி, அதாவது லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினாரு, டீம் பிளேஆஃப் போச்சு. 2021ல 93 வெற்றி, டிவிஷன் கப்பு. ஆக பசங்கள எடுத்த வேலை பொய்யில்ல. அப்புறம் எங்க உடைஞ்சுது?

ரெண்டு எடத்துல. ரெண்டும் ஜிஎம் நாற்காலிக்கு மேல.

மொத எடம் காசு. 2019 சீசனுக்கு முன்னாடி நட்சத்திர ஆட்டக்காரர் மேனி மச்சாடோ ஃப்ரீ ஏஜென்ட்டா, அதாவது ஒப்பந்தம் முடிஞ்சு எந்த டீமுக்கும் போகலாம்ங்கற நெலமைல வெளிய வந்தாரு, 26 வயசு. அவரு மச்சான் யோண்டர் அலோன்ஸோவ வாங்கினாங்க, அவரு தோஸ்த் ஜான் ஜேய வாங்கினாங்க, எல்லாம் அவர இழுக்கறதுக்கு. கடைசில சான் டியேகோ 10 வருஷத்துக்கு 30 கோடி டாலர் உறுதியா குடுத்து தூக்கிட்டுப் போனாங்க, நம்மாளுங்க அந்த உறுதித் தொகைக்கு வரவே இல்ல. சிகாகோ அமெரிக்காவுலயே மூணாவது பெரிய ஊரு. இந்த ஊரு டீம் தன்னோட சரித்திரத்துலயே குடுத்த பெரிய ஒப்பந்தம் எது தெரியுமா, ஆண்ட்ரூ பெனின்டென்டிக்கு 5 வருஷத்துக்கு 7.5 கோடி. 10 கோடி டாலரத் தொட்ட ஒப்பந்தம் ஒண்ணு கூட கெடையாது. நம்மள விட சின்ன ஊரு டீம் எல்லாம் எப்பவோ தாண்டிப் போன கோடு அது.

ரெண்டாவது எடம் டோனி லா ரூஸா. 2020 சீசன் முடிஞ்சதும் மேனேஜர், அதாவது மேட்ச்ல டீம நடத்துற கோச், ரிக் ரென்டேரியாவ அனுப்பினாங்க. சமீபத்துல பெரிய டீம்ல அக்டோபர் (பிளேஆஃப்) மேட்ச் ஆடி ஜெயிச்ச ஆளு வேணும்னு ஹான் மைக்குல சொன்னாரு. வந்தது யாரு, 76 வயசு லா ரூஸா, 2011க்கு அப்புறம் ஒரு மேட்ச் கூட மேனேஜ் பண்ணாதவரு. ஏன்? ஓனர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபுக்கு 1986ல இதே டீம்ல மேனேஜரா இருந்த அவர வேலைய விட்டு எடுக்க விட்டதுல பெரிய வருத்தம், அதச் சரி பண்ணணும்னு ஆசை. லா ரூஸா பெரிய மேனேஜர்தான், ஹால் ஆஃப் ஃபேம் ஆளு, நான் அத மறுக்கல. ஆனா ஒரு தலைமுறைப் பசங்களோட வாய்ப்ப ஒருத்தரோட பழைய மனக்குறைக்கு எழுதிக் குடுத்தது எனக்கு இன்னும் ஆறல.

2022 ஜூன்ல டாட்ஜர்ஸ் கூட நம்ம கிரவுண்டுல நடந்த மேட்ச் யாருக்காவது ஞாபகம் இருக்கா? ட்ரே டர்னர் பேட்டிங், கணக்கு ஒரு பால் ரெண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போட்டா அவுட். அந்த நேரத்துல லா ரூஸா அவர வேணும்னே பந்து போடாம சும்மா மொத பேஸுக்கு அனுப்பச் சொல்லி கைய நாலு விரலா காட்டுறாரு. ஸ்டாண்டுல இருந்து ஒரு ரசிகன் “ரெண்டு ஸ்ட்ரைக் இருக்கு டோனி”ன்னு அலறுனது டிவிலயே தெளிவா கேட்டுச்சு. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூணு ரன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சாரு, 11-9ல தோத்தோம். நடந்த எல்லாத்தையும் அந்த ரசிகன் குரல்லயே கேட்டுடலாம்: கிரவுண்டுல இருக்கற அத்தன பேருக்கும் தெரிஞ்சது மேல முடிவெடுக்கறவங்களுக்கு எட்டல. அந்த வருஷம் 81 வெற்றி, 81 தோல்வி. அடுத்த வருஷம் 61-101. 2023 ஆகஸ்ட்ல ஹானையும் அவருக்கு மேல இருந்த கென்னி வில்லியம்ஸையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க.

அதுக்கப்புறம் வெளிய ஆளே தேடல. அந்தப் பசங்கள வளக்குற டிபார்ட்மென்ட்ட நடத்துன கெட்ஸையே தூக்கி ஜிஎம் ஆக்கினாங்க. எரிஞ்சுபோன வீட்டுக்கு அதே மேஸ்திரியான்னு அன்னிக்கு ஊரே கோவப்பட்டுச்சு, நியாயமான கோவம். அடுத்து 2024. தொடர்ந்து 21 தோல்வி. மேனேஜர் பெட்ரோ க்ரிஃபோல் நடுவுலயே போனாரு. செப்டம்பர் கடைசி ஹோம் சீரிஸ்ல ஏஞ்சல்ஸ மூணு மேட்ச்லயும் ஜெயிச்சு அந்த ரெக்கார்டத் தள்ளிப் போட்டாங்க, ஜெயிச்சுட்டு இருக்கும்போதே கூட்டம் “டீம வித்துடு”ன்னு கோஷம் போட்டுச்சு. மறுநாள் டெட்ராய்ட்ல 121வது தோல்வி.

இப்ப கெட்ஸுக்கு வர்றேன். இவர் மேல எனக்கும் கோவம் இருந்துச்சு, ஆனா நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்லணும். பிட்சர் காரெட் க்ரோஷேவ பாஸ்டனுக்குக் குடுத்த ட்ரேடுல வந்த கைல் டீல் கேட்சரா வந்து .273 பேட்டிங் ஆவரேஜ்ல அடிச்சாரு, சேஸ் மைட்ராத் எல்லா பந்தையும் பொறுமையா பாத்து ஆடுற பையன், ப்ரேடன் மாண்ட்கோமரி இன்னும் மைனர்ல வளந்துட்டு இருக்காரு. ரூல் ஃபைவ் டிராஃப்ட்ல, அதாவது மத்த டீம் பாதுகாக்காம விட்ட பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல, மில்வாக்கில இருந்து ஷேன் ஸ்மித்த எடுத்தாங்க, அவரு முதல் வருஷமே ஆல் ஸ்டார். மேனேஜர் வில் வெனபிள் நிதானமான மனுஷன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கோல்சன் மாண்ட்கோமரி விஷயம். 2025 ஏப்ரல்ல ட்ரிபிள்-ஏல, அதாவது மைனர் லீக்கோட மேல்படில, அவரு ஆவரேஜ் .150 கூட இல்ல, பந்து மட்டைல படவே இல்ல. எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னாங்க. டீம் அவர மேட்ச்ல இருந்து எடுத்து அரிசோனாவுல இருக்கற ட்ரெயினிங் காம்ப்ளெக்ஸுக்கு அனுப்பி, ஹிட்டிங் டைரக்டர் ரயன் ஃபுல்லர் கூட தனியா உக்கார வெச்சு ஸ்விங்க பிரிச்சு மறுபடி கட்டினாங்க. ஜூலை 4 மேஜர் லீக் வந்தாரு. 71 மேட்ச்ல 21 ஹோம் ரன். பழைய வைட் சாக்ஸ்ல இந்த மாதிரி ஒரு பையன உக்கார வெச்சு சரி பண்ணி அனுப்பினதா எனக்கு நெனவே இல்ல. வளக்குற எடத்துல ஏதோ நெசமாவே மாறியிருக்கு, கெட்ஸ் வேண்டாம்னு சொல்றவங்க இதுக்கு பதில் சொல்லணும்.

ஆனா கெட்ஸ் கட்சிக்காரங்களே, நீங்களும் ஒண்ணுக்கு பதில் சொல்லணும். க்ரோஷேவ நாமதான் டிராஃப்ட் பண்ணோம், நாமதான் காயத்துல இருந்து தேத்தி மேட்ச்ச ஆரம்பிச்சு வெக்கற பிட்சரா (ஸ்டார்ட்டர்) மாத்தினோம். வித்தோம். பாஸ்டன் வாங்கின சில மாசத்துலயே 6 வருஷத்துக்கு 17 கோடி டாலர் எழுதிக் குடுத்துட்டாங்க, அவரு 2025ல 18 வெற்றி 5 தோல்வி, 255 ஸ்ட்ரைக்அவுட், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஓட்டுல ரெண்டாவது. க்ரிஸ் சேலையும் அதே பாஸ்டனுக்குத்தான் வித்தோம். நல்ல பிட்சர நாம வளக்கறது, சம்பளம் அவங்க குடுத்து அக்டோபர்ல அவங்க ஆட வைக்கறது, இது எத்தன தலைமுறைக்கு? வந்த பசங்க நல்லவங்கங்கறது சரி, ஆனா கைல் டீல் அஞ்சு வருஷம் கழிச்சு பெரிய ஆளா ஆனா அவரயும் இப்படித்தான் விப்பீங்களா?

தோத்த டீமுக்கு முன்வரிசை குடுத்து வருஷா வருஷம் புதுப் பசங்கள எடுக்கற டிராஃப்ட்டும் அப்படித்தான், ரசிகர்கள்ல பாதி பேரு கெட்ஸத் திட்டினாங்க. 121 தோத்துட்டு 2025ல 10வது பிக்கா? அது அவரு தப்பு இல்லங்க. வருமானப் பகிர்வுல காசு குடுக்கற பெரிய மார்க்கெட் டீம் ரெண்டு வருஷம் தொடர்ந்து லாட்டரி பிக்கு, அதாவது குலுக்கல்ல குடுக்கற முதல் ஆறு இடம், வாங்க முடியாதுன்னு லீக் ஒப்பந்தத்துல இருக்கு, முந்தின வருஷம் 5வது பிக்குல ஹேகன் ஸ்மித்த எடுத்தாச்சு, அவ்ளோதான். லீக்கோட கணக்குல நாம பெரிய மார்க்கெட், ஓனர் செலவு பண்ற விதத்துல சின்ன மார்க்கெட். ரெண்டோட கஷ்டமும் நமக்கே வருது.

2026 லாட்டரில முதல் பிக்கு விழுந்துச்சு, சந்தோஷம். முராகாமிக்கு 2 வருஷத்துக்கு 3.4 கோடி குடுத்தாங்க, ஜப்பான்ல 22 வயசுல ஒரே சீசன்ல 56 ஹோம் ரன் அடிச்ச ஆளு, நல்ல முயற்சி, எனக்கு ஆசையா இருக்கு. லூயிஸ் ராபர்ட்ட மெட்ஸுக்கு அனுப்பி அவரோட 2 கோடி டாலர் சம்பளத்தயும் எறக்கி வெச்சாங்க. அந்த 2.6 கோடி போனஸ் பையன், பழைய ரீபில்டோட பெரிய கனவு, இப்ப நியூயார்க்ல.

ரைன்ஸ்டார்ஃப் 1981ல இருந்து ஓனர். 2005 கப்பு அவரு காலத்துலதான் வந்துச்சு, ஹூஸ்டன நாலு மேட்ச்லயும் அடிச்சு, அத யாரும் பிடுங்க முடியாது. அவரு பொறந்தது 1936ல. டீம வாங்கப் போற ஜஸ்டின் இஷ்பியா கூட போட்ட ஒப்பந்தத்துல டீம் கைமாறக் கூடிய முதல் வருஷமே 2029தான், அதுவும் ரைன்ஸ்டார்ஃப் விரும்பினாத்தான், இல்லன்னா 2034 வரைக்கும் காத்திருக்கணும். கோல்சன், டீல், ஷேன் ஸ்மித் எல்லாரும் நல்ல ஃபார்ம்ல இருக்கப் போற வருஷங்கள் அதுக்கு முன்னாடியே ஓடிடும். நான் பயப்படறது இதுக்குத்தான்.

அதனால இந்த ஜூலையில முதல் பிக்குல யார எடுக்கறாங்கங்கறத விட, கோல்சனுக்கோ டீலுக்கோ நீண்ட ஒப்பந்தம் ஒண்ணு மேசைக்கு வருதான்னுதான் நான் பாப்பேன். எலோய்க்கும் ராபர்ட்டுக்கும் மேஜர்ல ஆடறதுக்கு முன்னாடியே போட்டாங்க, மலிவா கெடைச்சதால. இப்ப விலை ஏறுன பையனுக்கு, 10 கோடியத் தாண்டுனாலும் பரவாயில்லன்னு போடணும். அது நடந்தா ஏப்ரல் குளிர்ல கூட கிரவுண்டுக்கு வந்து கெட்ஸ் பேரச் சொல்லி கத்தறேன். நடக்கலைன்னா இன்னொரு ஜிஎம் வந்து இன்னும் நாலு வருஷம் பொறுமையா இருங்கன்னு சொல்லுவாரு, அப்ப அவரத் திட்ட என் கூட யாரும் வராதீங்க, நேரா ஓனர் பாக்ஸப் பாத்து கேளுங்க.