லூதர் 7 புத்தகத்த பைபிள்ல இருந்து தூக்கிட்டாரா?

"மார்ட்டின் லூதர் பைபிள்ல இருந்து 7 புத்தகத்த தூக்கி எறிஞ்சிட்டாரு"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டே இருக்கு, இது தப்புங்க. லூதர்ங்கிறவரு 1500கள்ல புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச ஜெர்மன் பாதிரியார். அந்த 7 புத்தகம்ங்கிறது கத்தோலிக்க பைபிள்ல இருக்குற, ஆனா இப்போ பெரும்பாலான புராட்டஸ்டன்ட் பைபிள்ல இல்லாத பழைய ஏற்பாட்டுப் புத்தகங்க.

1534-ல விட்டன்பெர்க்ல அச்சான அவரோட முழு ஜெர்மன் பைபிள்ல தோபித்து, யூதித்து, சீராக், மக்கபேயர்னு அந்தப் புத்தகங்க எல்லாமே இருக்கு. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவுல தனியா வச்சு, இதெல்லாம் வேதத்துக்குச் சமம் இல்ல, ஆனா வாசிக்கப் பிரயோஜனமான நல்ல புத்தகம்னு தலைப்புலயே போட்டிருக்காரு. இப்படிப் பிரிச்சு வைக்கிறது கூட அவரு புதுசா கண்டுபிடிச்சது இல்ல, அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடியே, பைபிள லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் சொன்னதுதான், அத மறைச்சிட்டு லூதர் மேல மட்டும் பழி போடுறது ரொம்ப அநியாயம். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ்ங்கிற இங்கிலீஷ் பைபிள்லயும் இந்தப் புத்தகங்க இருந்துச்சு. இதுங்க சேர்ந்த பைபிளுக்கு இனி காசு செலவு பண்றதில்லன்னு பைபிள அச்சடிச்சுப் பரப்புற பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் முடிவெடுத்ததே 1820கள்லதான், அப்போ லூதர் செத்து 280 வருஷம் ஆகிருந்துச்சு.