யோசிப்பதும் சண்டைதான்

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கும் அதிலிருந்து வெட்டியெடுத்த துண்டு இதற்குள் ஏதாவதொரு குழு வழியாக வந்து சேர்ந்திருக்கும். இரு பக்கமும் முறை வைத்து மாறி மாறித் தாக்கும் டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி (பாத்திரமேற்று விளையாடும்) வீடியோ ஆட்டங்களில் நடப்பது சண்டையே அல்ல என்றும், மெனுவில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எதிரி வந்து அடிக்கும்வரை கைகட்டி நிற்பதற்குச் சண்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும், விரல் ஓடாதவர்களுக்காகத்தான் அப்படிப்பட்ட ஆட்டங்களைச் செய்கிறார்கள் என்றும் நேரலையை நடத்தியவர் சொன்னார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக ஓடின. பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்; முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆர்பிஜியில் சண்டை என்பது முடிவெடுப்பது. யாரை முதலில் வீழ்த்துவது, யாரைக் காப்பாற்றுவது, மிச்சமிருக்கும் மந்திர சக்தியை இப்போதே செலவழிப்பதா அல்லது பெரிய எதிரியான பாஸுக்காக வைத்திருப்பதா, எந்த முறை தாக்காமல் விட்டுவிடுவது என்பவைதான் அந்தச் சண்டையின் உள்ளடக்கம். அந்த முடிவை அரை விநாடிக்குள் எடுத்தால் சண்டை, அரை நிமிடம் யோசித்து எடுத்தால் சண்டையல்ல என்பதற்கு இதுவரை ஒருவரும் எனக்குக் காரணம் சொன்னதில்லை. வேகம் ஒரு திறமை. அதை நான் மனதார மதிக்கிறேன். அது ஒன்றே திறமை என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய கருவிகளுக்குத் திராணி இல்லாததால் வந்த வழிமுறைதானே இது, இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நேரலையிலும் ஒருவர் அதைக் கேட்டார். 1986 பிப்ரவரியில் நின்டெண்டோவின் பழைய கருவியான ஃபேமிகாமின் டிஸ்க் இணைப்புக்கு முதல் செல்டா ஆட்டம் வெளிவந்தது. அதில் வாள் வீசுவதும் விலகுவதும் எல்லாமே அந்தந்தக் கணத்தில் நடப்பவை. அதே ஆண்டு மே மாதம் அதே ஃபேமிகாமுக்கு முதல் டிராகன் குவெஸ்ட் வந்தது. அதில் நீங்கள் கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரி காத்திருப்பான். ஒரே ஆண்டு, ஒரே கருவி, இரண்டு வழிகள். ஆகவே டிராகன் குவெஸ்ட்டைச் செய்தவர்கள் வேறு வழியில்லாமல் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1974-இல் வெளிவந்த மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸிலிருந்து 1981-இன் கணினி ஆட்டமான விஸார்ட்ரி வழியாக வந்த ஒரு மரபை அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். 1991-இல் ஃபைனல் ஃபேன்டஸி 4-க்காக வடிவமைப்பாளர் ஹிரோயுகி இட்டோ சண்டைக்குள் ஓடும் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். நீங்கள் மெனுவில் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரியின் நேரம் நிரம்பிவிடும். பத்தாண்டுகள் கழித்து, அந்த ஆட்டம் ஓடிய கருவியைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த பிளேஸ்டேஷன் 2-இல் ஃபைனல் ஃபேன்டஸி 10 வந்தபோது அந்தக் கடிகாரத்தை நீக்கிவிட்டு, அடுத்தடுத்து யாருடைய முறை வரப்போகிறது என்ற பட்டியலைத் திரையின் ஓரத்தில் வைத்தார்கள். கருவியின் பலம் கூடியபோது நடந்தது இது. இயலாமை என்ற வாதத்தை இதற்குப் பிறகும் எப்படி வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வரலாற்றை விடுங்கள். நான் நேரில் பார்த்த ஒரு சண்டையைச் சொல்கிறேன்.

ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன் விளையாடியவர்களுக்கு மாடடோர் என்ற பெயரே போதும். விளையாடாதவர்களுக்காக: அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முறைக் குறிகள் உண்டு. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் பாதிக் குறிதான் செலவாகும், அதாவது கூடுதலாக ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அடி தவறினால் இரண்டு குறிகள் போய்விடும். எதிரி அதைத் திருப்பி அனுப்பினாலோ உறிஞ்சிக்கொண்டாலோ மிச்சமிருக்கும் அத்தனையும் போய்விடும். எதிரிக்கும் இதே சட்டம்தான். மாடடோர் ஒரு எலும்புக்கூட்டுக் காளைச் சண்டைக்காரன். சிவப்புத் துணியை ஒரு முறை வீசியதும் அவனுடைய சுறுசுறுப்பு உச்சத்துக்குப் போய்விடும். அதன் பிறகு நீங்கள் அடிப்பது எதுவும் அவன்மேல் படாது. படாத ஒவ்வொரு அடிக்கும் இரண்டு குறிகளை இழப்பீர்கள். அவன் வீசும் காற்று மந்திரமோ, உங்கள் அணியில் காற்றைத் தாங்காத ஒருவர் இருந்தால் அவனுக்கு மேலும் மேலும் வாய்ப்பளித்துக்கொண்டே போகும். அதுவரை தாக்கு, தாக்கு என்று ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு வந்தவர்களை அந்த ஆட்டம் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

என் அக்கா அவனிடம் முதலில் மிக மோசமாகத் தோற்றார். தோற்றதும் மறுபடியும் ஓடிப்போய் மோதவில்லை. சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி, அணியில் சேர்த்துச் சண்டையிட வைப்பதற்காகத் தன்னிடமிருந்த ஒவ்வொரு அரக்கனின் பக்கத்தையும் திறந்து படித்தார். காற்றுக்குப் பலவீனமானவற்றையெல்லாம் அணியிலிருந்து விலக்கினார். அவற்றில் சிலவற்றை இணைத்து, குறிதவறாமையையும் விலகும் திறனையும் ஏற்றும் சுகுகாஜா மந்திரத்தை வைத்திருக்கும் புதிய அரக்கனை உருவாக்கினார். நாயகனுக்குத் திறன்களும் தாங்கும் சக்தியும் தரும் மகதாமாவைக் காற்று தொட முடியாத ஒன்றாக மாற்றினார். கன்ட்ரோலர் பெரும்பாலான நேரம் மேசைமேல்தான் கிடந்தது. மறுபடியும் மோதியபோது முதல் சில முறைகளில் அவர் மாடடோரை ஒரு அடிகூட அடிக்கவில்லை. சுகுகாஜாவையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அருகில் உட்கார்ந்து, அடியுங்கள் அக்கா, அடியுங்கள் என்று பதறிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவனுடைய காற்று எங்கள் அணியைக் கடந்துபோய் அவன் குறிகள் அழிந்தபோதுதான் முதல் அடியைக் கொடுத்தார். ஒரு லெவல்கூட ஏற்றாமல், யோசித்து மட்டுமே வென்ற சண்டை அது. ஒருவருடைய மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்வதை நான் எந்த ஆக்‌ஷன் ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

அக்காவுக்கு நரம்புப் பாதிப்பால் வலது கை விரல்கள் சரியாக மடங்காது. விரல் ஓடாதவர்கள் என்று நேரலையில் சொன்னது அவரைக் குறித்து அல்ல என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஆக்‌ஷன் ஆட்டங்களே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. எல்டன் ரிங்கை நான் முழுதாக முடித்திருக்கிறேன், நேசிக்கவும் செய்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் ரெச் என்ற பாத்திர வகையை எடுத்தால் முதல் லெவலில் தொடங்குவீர்கள். ஒருமுறைகூட லெவல் ஏற்றாமல் கடைசி பாஸ்வரை போய் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வியக்கத்தக்க சாதனை. அது முழுக்க முழுக்க ஆட்டக்காரரின் கையுடைய சாதனை. அந்தப் பாத்திரம் வழியில் எதையும் கற்கவில்லை, எதுவாகவும் வளரவில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 10-ஐக்கூட பாத்திரங்களை வளர்க்கும் ஸ்ஃபியர் கிரிட்டைத் தொடாமல் முடிக்கிறார்களே என்று உடனே ஒருவர் எழுதுவார். முடிக்கிறார்கள்தான். எந்தப் பொருளை எப்போது பயன்படுத்துவது, ஓவர்டிரைவ் என்ற சிறப்புத் தாக்குதல்களில் எதை எந்த முறைக்குச் சேமித்து வைப்பது என்று கணக்குப் போட்டு முடிக்கிறார்கள். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 16-க்கு வருகிறேன், ஏனென்றால் அந்த நேரலையில் வளர்ச்சி என்பதற்கு எடுத்துக்காட்டாக முன்வைக்கப்பட்டது அதுதான். தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, கட்டளையைத் தேர்ந்தெடுத்துச் சண்டையிடும் முறை இளைய தலைமுறையை ஈர்ப்பதில்லை என்ற பொருள்படப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அவரே டர்ன்-பேஸ்டு ஆட்டங்களை விளையாடி வளர்ந்தவர். வெறுப்பில் சொல்லவில்லை என்று நம்புகிறேன். சண்டையை வடிவமைக்க வேகமான கைச்சண்டை ஆட்டமான டெவில் மே க்ரை 5-இல் பணியாற்றிய ரியோட்டா சுஸுகியை அழைத்தார்கள். 2023-இல் வெளிவந்த ஆட்டம் பார்க்க அழகாகவும் கையில் மிக மிருதுவாகவும் இருக்கிறது. ஆனால் நெருப்பு எதிரியை நெருப்பால் அடித்தாலும் பனியால் அடித்தாலும் அங்கே வேறுபாடு இல்லை. தோழர்கள் உடன் வருகிறார்கள். கூட வரும் டோர்கல் என்ற நாய்க்குச் சில கட்டளைகள் இடலாம் என்பதைத் தவிர, அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்க எதுவும் இல்லை. வேகமாக அழுத்த முடியாதவர்களுக்கென்று சில மோதிரங்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை அணிந்தால் நாயகன் தானாக விலகிக்கொள்வான். இன்னொன்றை அணிந்தால் ஒரே பொத்தானில் தொடர் தாக்குதல் முழுதும் தானாக நடக்கும். நல்ல மனதோடு செய்த ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா இரண்டையும் அணிந்து விளையாடிப் பார்த்துவிட்டு, இதில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். விரலின் வேலையை எடுத்துவிட்டால் அந்தச் சண்டையில் மிச்சம் எதுவும் இல்லை. நாக்டர்னிலிருந்து விரலின் வேலையை எடுத்துவிட்டால் மாடடோர் முழுதாக அப்படியே நிற்பான். எது ஆழமான சண்டை என்று இதை வைத்து நீங்களே சொல்லுங்கள்.

மெதுவாக இருக்கிறது, பத்து அடி நடந்தால் ஒரு சண்டை குறுக்கே வருகிறது, ஒரே எதிரியை ஐம்பது முறை அடித்து லெவல் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பீர்கள். பல பழைய ஆட்டங்களில் உண்மை. அது எதிரிகளை எங்கே, எத்தனை வைப்பது என்பதில் உள்ள குறை. ஆக்‌ஷன் ஆட்டங்களிலும் வெறும் எண்ணிக்கைக்காக எதிரிகளை நிரப்புகிறார்கள். அதற்காக யாரும் ஆக்‌ஷனே செத்துப்போன வழிமுறை என்று சொல்வதில்லை.

விற்காது என்ற வாதத்துக்குப் பதில் எழுதவே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 2020-இல் யகுஸா வரிசை, கைகலப்பை விட்டுவிட்டு டர்ன்-பேஸ்டுக்கு மாறியது. அதன் நாயகன் இச்சிபன், டிராகன் குவெஸ்ட்டை விளையாடி வளர்ந்ததால்தான் தெருச் சண்டையைக்கூட அந்தக் கண்ணோடு பார்க்கிறான். 2023-இன் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வான பால்டர்ஸ் கேட் 3 முழுக்க டர்ன்-பேஸ்டு. எதிரிகள்மேல் தண்ணீர்க் குடுவையை எறிந்து நனையவைத்துவிட்டு அடுத்த முறையில் மின்னலை இறக்கினால் சேதம் இரட்டிப்பாகும். உயரத்தில் நிற்கும் வில்லாளனைச் சண்டையிட்டு வீழ்த்தாமல் ஒரே தள்ளில் பள்ளத்துக்கு அனுப்பிவிடலாம். இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கும் அவகாசத்தை அந்த ஆட்டம் உங்களுக்குக் கொடுக்கிறது. அந்தப் பெயரில் 1998-இல் வந்த முதல் ஆட்டம் இடையில் நிறுத்திக்கொள்ளக்கூடிய நிகழ்நேரச் சண்டை. நிகழ்நேரத்திலிருந்து முறைக்கு வந்த பிறகுதான் அது இவ்வளவு பேரைச் சென்றடைந்தது.

உடனே, 2025-இல் அதே விருதைப் பெற்ற எக்ஸ்பெடிஷன் 33-ஐக் கொண்டுவருவீர்கள். அது டர்ன்-பேஸ்டுதான், ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான கணத்தில் பொத்தானை அழுத்தி விலகலாம், தடுக்கலாம். ஆகவே இரண்டையும் கலந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்பீர்கள். சிறிய குழு ஒன்று செய்த அந்த ஆட்டத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 33 நாட்களில் 33 லட்சம் பிரதிகள் விற்றபோது நானும் மகிழ்ந்தேன். என் வருத்தம் வேறு. எல்லா அடிகளையும் சரியாகத் தடுத்துவிட்டால் ஒரு துளி சேதமும் வராது, பதிலடியும் இலவசமாகக் கிடைக்கும். அப்படியிருக்கையில் பாதுகாப்புக்காக நான் உட்கார்ந்து திட்டமிட்டதற்கெல்லாம் என்ன மதிப்பு? எதிரிகள் வேண்டுமென்றே தயங்கி, கையை ஓங்கி நிறுத்தி, என் விரலை ஏமாற்றப் பார்க்கிறார்கள். என் திட்டத்தை ஏமாற்றப் பார்க்கவில்லை. நாம் தாக்கும்போது அழுத்த வேண்டிய பொத்தான்களைத் தானாக நடக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். தடுப்பதற்கு அந்த வசதி இல்லை. எளிய நிலையில் அவகாசம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த உலகத்தையும் இசையையும் அக்காவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாதியில் விட்டுவிட்டார். அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தைப் பாராட்டுகிறவர்கள், டர்ன்-பேஸ்டு ஒருவழியாகச் சுவாரசியமாகிவிட்டது என்று எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. எங்களுக்கு அது எப்போதும் சுவாரசியமாகத்தான் இருந்தது. விரலுக்கு வேலை கொடுத்த பிறகுதான் அது மதிக்கத்தக்கதாகிறது என்றால், நாங்கள் இத்தனை காலம் செய்துகொண்டிருந்தது என்ன? ஒரு பொழுதுபோக்குக்காக ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய் என்று கேட்காதீர்கள். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தால் நீங்களும் அந்த நேரலையில் மணிக்கணக்காக அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

யாரிடமிருந்தும் ஆக்‌ஷனைப் பறிக்கச் சொல்லவில்லை. நிகழ்நேரச் சண்டையோடு வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2 வெளிவந்த மறு ஆண்டே, 2019-இல், அதற்கு டர்ன்-பேஸ்டு நிலையைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸில் சண்டையின் நடுவிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். மனமிருந்தால் வழியுண்டு என்று செய்து காட்டியிருக்கிறார்கள்.

நேரலையை நடத்தியவரிடம் ஒரு வேண்டுகோள். நாக்டர்னின் மறுபதிப்பு இன்றைய கருவிகளுக்கும் கிடைக்கிறது. ஹார்ட் நிலையில், எந்த வழிகாட்டியையும் பார்க்காமல், மாடடோரை ஒரு நேரலையில் எதிர்கொள்ளுங்கள். உங்கள் விரல்களின் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்; அவன் காத்திருப்பான். நானும் அக்காவும் தொடக்கம் முதல் முடிவுவரை இருந்து பார்ப்போம்.