தாத்தா ஓப்பனிங்

ஒரு செஸ் குரூப்பில் ஓடிய கிண்டலின் நேற்றைய ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே போடவில்லை, போதுமான விளம்பரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பத்து வயதுப் பெண் ஒரு செஸ் போட்டியில் லண்டன் சிஸ்டம் (காய்களைக் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி அடுக்கித் தொடங்கும் ஓப்பனிங், அதாவது ஆட்டத் தொடக்க முறை) ஆடி ஐந்தாவது சுற்றில் ஜெயித்தாள். அதற்கு ஒரு கோச்சின் பாராட்டு: ‘ரிட்டயர் ஆன தாத்தாக்கள் ஆடும் ஓப்பனிங்.’

சரி, ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் டிங் லிரென். 2023, அஸ்தானா, உலக சாம்பியன்ஷிப். ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றுப் பின்தங்கி நிற்கிறார். ஆறாவதில் வெள்ளைக் காய். முதல் மூன்று நகர்வுகள்: டி4, நைட் எஃப்3, பிஷப் எஃப்4. லண்டனேதான்! 41-வது நகர்வில் ஒரு சிப்பாயை டி5-க்குத் தள்ளினார். அப்புறம் எதிராளி நெப்போம்னியாச்சியின் ராஜாவுக்குப் போக்கிடமில்லை, 44-இல் முடிந்தது. ஸ்கோர் 3-3. அந்த மாதக் கடைசியில் தாத்தா உலக சாம்பியன். வயது 30.

“அது டிங், இது குழந்தை” என்பீர்கள். குழந்தைக்கு எதற்கு இந்த இளக்காரம் என்றுதான் நானும் கேட்கிறேன்.

“லண்டன் ஆடுபவர்கள் யோசிக்காமல் ஒரே மாதிரி காய் அடுக்குவார்கள்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. நானும் அப்படி நம்பியவன்தான். ஆறு மாதம் நைடார்ஃப் என்ற, கறுப்புக் காய்க்கான சிக்கலான ஓப்பனிங்கை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு டோர்னமென்டுக்குப் போனேன். எதிரே ஒரு சின்னப் பையன், ஆறாவது நகர்வில் பிஷப் ஜி5. படித்த வரிசை குழம்பிவிட்டது. சொல்லியிருந்த டீ வருவதற்குள் தோற்றுக் கை குலுக்கிவிட்டேன். அதற்குப் பெயர் யோசிப்பதா?

அந்தப் பத்து வயதுக்காரியிடம் கேட்டுப் பாருங்கள். லண்டனில் சிப்பாயை இ3-க்குத் தள்ளுவதற்கு முன் பிஷப்பை ஏன் வெளியே எடுக்கணும் என்று. “இல்லேன்னா சிப்பாய்க்குப் பின்னாடி மாட்டிக்கும் மாமா” என்பாள். யாரும் மனப்பாடம் செய்ய வைத்ததில்லை, இரண்டு தடவை மாட்டிக்கொண்டு தானே கண்டுபிடித்தது.

பல வகை ஆட்டம் பழக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பழகுவாள். அக்கா மகள் என்பதால் எழுதுகிறேனா? ஆமாம், அதனால்தான். மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கோச்சிங் வைக்க முடியாத வீட்டுக்கு, குறைவாகப் படித்துக்கொண்டு தைரியமாகப் போர்டில் உட்கார ஒரு ஓப்பனிங் கிடைத்திருக்கிறது. அது சிலருக்கு ஏன் உறுத்துகிறது என்று தெரியாமல் இல்லை. லண்டனுக்கு யாரும் நகர்வுகளைத் தொகுத்த ஃபைல் விற்க முடியாதோ என்னவோ. விற்கிறார்கள், அதுவும் தெரியும்.

ராத்திரி அவள் கேட்டாள்: “மாமா, நான் ஜெயிச்சது செல்லாதா?”

அந்தக் குரூப்பில் பதினோரு பேர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். நான்கு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இதற்கு லைக் போட வேண்டாம்.