வரி கட்டத் தயாராக நிற்பவனை ஏன் வதைக்கிறீர்கள்?

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்த பெட்டி சுங்கத்தில் கிடக்கிறது. மறுபடியும் அதே இரண்டு வார்த்தை. ‘கிளியரன்ஸ் டிலே’. யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள், என்ன கேட்கிறார்கள், ஒன்றும் கிடையாது. ட்ராக்கிங் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும் அதே வரி. பக்கத்தில் உள்ள தேதி மட்டும் நகர்கிறது.

பெட்டிக்குள் இருப்பது தங்கமா, போதைப்பொருளா? உள்ளங்கையில் அடங்கும் ஒரு என்கோடர். சி.என்.சி. மெஷினின் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்) ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டு, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்கிற சாமான். அது செத்தால் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கிற அம்பத்தூர்ப் பட்டறையிலோ கோவை கணபதியிலோ ஒரு மெஷின் ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேங்க் தவணை நிற்காது. ஆபரேட்டர் சம்பளம் நிற்காது. ஆர்டர் கொடுத்த பார்ட்டியும் நிற்க மாட்டார், அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்.

எத்தனை பட்டறைகளில் எத்தனை முறை நடந்திருக்கிறது இந்தக் கூத்து! முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்.

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியாயிற்று. முதல் நாள் கே.ஒய்.சி., அதாவது நீங்கள் யார் என்பதற்குச் சான்று. ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி எண்) நகல், ஜி.எஸ்.டி. சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் முத்திரை வைத்த ஆதரைசேஷன் கடிதம். மூன்று மாதம் முன்பு இதே கூரியருக்கு இதே மூன்று காகிதமும் கொடுத்தாயிற்றே? கொடுத்தது கொடுத்ததுதான், மறுபடி கொடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் மெயில் அனுப்பினால் அன்றைக்குக் கணக்கில் வராது. ஒரு நாள் போச்சு.

இரண்டாம் நாள் சுங்க அதிகாரியின் முதல் குவெரி, அதாவது கேள்வி: சரக்கின் விவரம் போதவில்லை. இதில் விற்றவனைத்தான் உதைக்க வேண்டும். இன்வாய்ஸில் ‘ஸ்பேர் பார்ட்’ என்று இரண்டே வார்த்தை போட்டு அனுப்பியிருக்கிறான். எந்த அதிகாரி அதைப் பார்த்து வரி விகிதம் முடிவு செய்வார்? தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி, புதியதா பழையதா, எந்த நாட்டில் செய்தது, ஹெச்.எஸ். கோட் (வரி விகிதத்தை முடிவு செய்யும் பொருள் எண்), எண்ணிக்கை, ஒன்றின் விலை, விலை எக்ஸ்-ஒர்க்ஸா (தொழிற்சாலை வாசல் விலை) எஃப்.ஓ.பி.யா (அந்த நாட்டில் ஏற்றிவிடும் வரையான விலை). சரக்கு கிளம்புவதற்கு முன் இன்வாய்ஸின் பி.டி.எஃப்.பை வாங்கி இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பிய பிறகு திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கே ஒரு குவெரி வரும்.

இன்னொன்று. உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து 200 டாலர் சாமானுக்கு ‘சுங்கத்துக்காக மட்டும், மதிப்பு 10 டாலர்’ என்று எழுதுகிற வெளிநாட்டுக்காரனிடம் கெஞ்சியாவது நிறுத்தச் சொல்லுங்கள். அது சுங்கச் சட்டம் 1962-இன் பிரிவு 111(எம்), தவறான அறிவிப்பு. பறிமுதல், 112-இல் அபராதம், 125-இல் மீட்புத் தொகை. 190 டாலரை மறைக்கப் போய்ச் சாமானே கைவிட்டுப் போகும்.

சரி, கேட்டலாக் அனுப்பியாயிற்று. மூன்றாம் நாள் இரண்டாவது குவெரி: இது எந்த வரித் தலைப்பு, 9031-ஆ, 8466-ஆ? அளவிடும் கருவியா, மெஷின் டூலின் உதிரி பாகமா? ஐயா, சுங்க வரி டாரிஃப் புத்தகத்தில் பதினாறாம் பகுதியின் தொடக்கத்திலேயே குறிப்பு 1(எம்) இருக்கிறது. 90-ஆம் அத்தியாயத்தில் வரும் பொருள்கள் இந்தப் பகுதியில் சேராது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். என்கோடர் அளவிடுகிறது, 9031 80 00-இல் உட்காருகிறது, முடிந்தது. சரி, அதைத் தெரியாமல் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு தலைப்புக்கும் அடிப்படை வரி 7.5%தான், ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) 18%தான்! எந்தப் பக்கம் போனாலும் அரசுக்கு ஒரு ரூபாய் அதிகமாக வரப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு முழு நாளும் ஒரு மெஷினும் பலி.

அந்தக் கேள்வி உங்களிடம் நேராக வந்ததா? அதுவும் இல்லை. கூரியர் கிளியரன்ஸில் அதிகாரி கேட்பது கூரியர் நிறுவனத்தின் லாகினில் போய் உட்காரும். அவர்கள் ஆள் பார்க்க வேண்டும், மெயில் போட வேண்டும், நீங்கள் பதில் எழுத வேண்டும், அவர் அதை ஏற்ற வேண்டும். கால் சென்டருக்குப் போன் போட்டால் “கஸ்டம்ஸ்ல நிறுத்தியிருக்காங்க சார், அப்டேட் வந்ததும் சொல்றோம்.” என்ன கேட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் திரையிலும் அதே ‘கிளியரன்ஸ் டிலே’தான் இருக்கிறது.

நான்காம் நாள் மதிப்பு. பணம் அனுப்பியதற்கு பேங்க் ஸ்விஃப்ட் நகல் கேட்கிறார்கள். கொடுக்கலாம், நியாயம்தான். அதற்குப் பிறகு வருகிற வரிக் கணக்கைத் திறந்து பாருங்கள், வயிறு எரியும்.

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என்கோடர் 200 டாலர், 18,000 ரூபாய். கூரியர் கட்டணம் 90 டாலர், 8,100 ரூபாய். அந்த 8,100-ஐ முழுசாக மதிப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளின் விதி 10(2) என்ன சொல்கிறது? வான்வழியாக வரும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. விலையில் 20%க்கு மேல் சரக்குக் கட்டணம் சேர்க்கக் கூடாது. நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்திருந்தாலும் உச்சவரம்பு அதுதான். 18,000-க்கு 3,600. இன்ஷூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125%, அதாவது 202 ரூபாய் 50 காசு. ஆக மதிப்பு 21,802.50.

இதில் அடிப்படை வரி 7.5%: 1,635. அந்த வரியின்மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி: 164. மதிப்பையும் இந்த இரண்டையும் கூட்டி அதன்மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி.: 4,248. மொத்தம் 6,047 ரூபாய். வரிக்கு மேல் வரி, அதற்கும் மேல் வரி. சட்டம் அப்படி, கட்டுகிறோம். ஆனால் சரக்குக் கட்டணத்தை முழுசாகச் சேர்த்தால் மதிப்பு 26,302.50, வரி 7,295. ஒரே பெட்டியில் 1,248 ரூபாய் அதிகம். வருடத்துக்கு இருபது பெட்டி எடுக்கிற பட்டறை எவ்வளவு விட்டிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். கூரியர்காரன் ஃபைல் செய்யும்போதே இந்த வரம்பைப் போட வேண்டும். போடுவதில்லை. அவன் பணமா போகிறது? உங்கள் சார்பில் அவன் முன்பணமாகக் கட்டும் வரிக்குச் சதவீதக் கணக்கில் கட்டணம் வேறு வாங்குகிறான். வரி கூடினால் அவன் கட்டணமும் கூடலாம்.

அவன் ஃபைல் செய்யும் இதே படிவத்தில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல் விட்டுவிட்டால், அந்த 4,248 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி. உங்கள் 2பி-யில் (ஜி.எஸ்.டி. தளத்தின் கிரெடிட் பட்டியல்) ஏறாது. கிரெடிட் எடுக்க வேண்டிய பணம் செலவாகி நிற்கும். ஒரே ஒரு கட்டம், பதினைந்து எழுத்து, அதை நிரப்ப அவர்களுக்கு நேரமில்லை. சரக்கு கிளம்பிய அன்றைக்கே ஜி.எஸ்.டி. எண்ணையும் ஐ.இ.சி. எண்ணையும் சேர்த்து மெயில் போட்டு, ‘படிவத்தின் வரைவைக் காட்டாமல் ஃபைல் செய்யாதீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவனுக்கே பாதி நேரம்தான் காட்டுகிறார்கள்.

சில பெட்டிகள் கூரியர் பக்கத்திலிருந்தே தூக்கப்பட்டு கார்கோ பக்கம் போகும். அங்கே சாதாரண பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்புப் படிவம்), கூடவே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர், அவருக்கு ஒரு கட்டணம். அங்கேதான் முகமில்லா மதிப்பீடு. 2020 ஜூன் 8 அன்று 84, 85 அத்தியாயங்களுக்கு (இயந்திரங்கள், மின்சாதனங்கள்) சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் தொடங்கினார்கள். அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்க வந்தது. சரக்கு மீனம்பாக்கத்தில் கிடக்கும், மதிப்பிடுகிற அதிகாரி வேறு ஊரில் இருப்பார். நோக்கம் நல்லது, கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் கையேந்த வேண்டியதில்லை, அதை மனதாரச் சொல்கிறோம். ஆனால் முன்பு சாமானைக் கையில் எடுத்துக் காட்டி இரண்டு நிமிடத்தில் புரியவைத்ததை, இப்போது குவெரி, பதில், குவெரி, பதில் என்று மூன்று நாள் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் நாள்தான் உச்சம். “மதிப்பை ஏத்திட்டாங்க. ஒத்துக்கிறோம்னு ஒரு லெட்டர் குடுங்க, இன்னைக்கே வெளியே எடுத்துடலாம்.” கூரியர் ஆளோ புரோக்கரோ பேசுகிற இந்தக் குரலை எல்லாரும் கேட்டிருக்கிறோம். மெஷின் நிற்கிறது, பார்ட்டி திட்டுகிறார், டெர்மினலில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறது. கையெழுத்துப் போடாமல் யார் இருப்பார்?

அந்தக் கடிதத்தில் நீங்கள் கொடுப்பது வெறும் சம்மதம் இல்லை. நீங்கள் அறிவித்த மதிப்பில் சந்தேகம் என்றால் அதே மதிப்பீட்டு விதிகளின் விதி 12-இன்படி அதிகாரி முதலில் விளக்கம் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் சந்தேகத்தின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். உங்கள் மதிப்பீட்டை மாற்றினால், நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொள்ளாத பட்சத்தில், சுங்கச் சட்டத்தின் பிரிவு 17(5)-இன்படி மறுமதிப்பீடு செய்த 15 நாளுக்குள் காரணம் சொல்லும் ஆணை போட்டே ஆக வேண்டும். அந்த ஆணை கையில் இருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு கேட்கும் கமிஷனர் அப்பீல்ஸுக்குப் போகலாம். ஒத்துக்கொள்கிற கடிதம் இத்தனையையும் ஒரே கையெழுத்தில் துடைத்து எடுத்துவிடுகிறது.

அதனால்தான் சொல்கிறோம்: கடிதம் கொடுக்காதீர்கள். ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறோம், பிரிவு 17(5)-இன்கீழ் ஆணை வேண்டும்’ என்று எழுதி, வரியைக் கட்டி, சாமானை வெளியே எடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய முடியாது. ஐ.டி.சி. வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நீங்களே செய்த சுயமதிப்பீடாக இருந்தாலும், அதை முறையாக மாற்றாமல் ரீஃபண்ட் கிடையாது. 1,248 ரூபாய்க்கு எந்தப் பட்டறைக்காரர் வக்கீல் வைத்து அப்பீல் போவார்? போகமாட்டார் என்பது தெரிந்துதானே அந்தக் குரல் அவ்வளவு நிதானமாகக் கடிதம் கேட்கிறது!

கோபம் வரியின்மேல் இல்லை. எல்லை என்று இருந்தால் காவல் இருக்கத்தான் வேண்டும். தங்கம் கடத்துகிறவனையும் போதை கடத்துகிறவனையும் பிடிக்கட்டும், உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி போடட்டும். ஆனால் கேட்கிற நான்கு கேள்வியையும் முதல் நாளே ஒரே தாளில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? விவரம், தலைப்பு, மதிப்பு, பணம் கட்டிய சான்று. நான்கும் முதல் நாளே தெரிந்த கேள்விகள். தவணை முறையில் கேட்டால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ். 2009-ஆம் ஆண்டுச் சரக்குக் கையாளல் ஒழுங்குமுறையில், சுங்கம் பிடித்து நிறுத்திவைத்த சரக்குக்கு வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்று 6(1)(எல்)-இல் இருக்கிறது. ஆனால் குவெரியில் தூங்கும் சரக்கை ‘நிறுத்திவைத்தது’ என்று யாரும் எழுதித் தருவதில்லையே! காகிதத்தில் அது வெறும் ‘நிலுவை’. நிலுவைக்கு மீட்டர் ஓடும்.

வீட்டுப் பார்சல்காரர்கள் பாடு இதைவிட மோசம். அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பினாலும் 2019 டிசம்பரிலிருந்து பரிசு என்ற சலுகையே இல்லை. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. ராக்கிக் கயிறு வரலாம், அதே உறையில் வைத்த சாக்லேட்டுக்கு முழு வரி. மொத்த வரி 100 ரூபாய்க்குள் இருந்தால் வசூலிக்க மாட்டார்கள், இந்த விலைவாசியில் இருக்கிற ஒரே சில்லறைக் கருணை அதுதான். 2019-இல் அச்சுப் புத்தகத்துக்கும் 5% போட்டார்கள். டொராண்டோவில் அச்சான தமிழ்ப் புத்தகத்துக்குக்கூட இங்கே வரி.

கடைசியில் பெட்டி வருகிறது. மூடியை பிளேடால் கோணல்மாணலாக அறுத்து, பழைய டேப்பின்மேல் புது டேப் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே இருந்த வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவர் கிழிந்து கிடக்கிறது. நுரைக்கட்டை திரும்பவும் வைக்கப்படவே இல்லை. ஆப்டிகல் என்கோடருக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடித் தட்டு, அதில் முடியைவிட நுணுக்கமான கோடுகள். ஷாஃப்ட்டில் ஒரு அடி விழுந்தால் தட்டு விரிசல் விட்டு, மெஷின் எண்களைத் தாறுமாறாகப் படிக்கும். திறந்து பார்ப்பது அவர்கள் உரிமை. எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டாமா? பெட்டியை வாங்கும்போதே ஆறு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, பிரிப்பதை வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் கூரியர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

பெட்டி வருகிறது என்று எழுதிவிட்டோமா? அதுவும் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. கிளியரன்ஸ் முடிந்த மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மெசேஜ்: ‘டெலிவரிக்கு வந்தோம், பெறுபவர் இல்லை.’ பட்டறை ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கிறது. ஆறு பேர் உள்ளே நிற்கிறார்கள். வாசலில் டீக்கார அண்ணன் கேனோடு உட்கார்ந்திருக்கிறார், தெருவுக்குள் ஒரு வண்டி நுழையவில்லை என்று அவரே சொல்கிறார். அடுத்த டெலிவரி திங்கட்கிழமையாம்.