முதல் வேலை தேடும் செவிலியர்களுக்கு: சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்

"முன் அனுபவம் உண்டா?" படித்து முடித்துப் பதிவு எண் வாங்கிய கையோடு வேலை கேட்டு வருகிறவரிடம் இதைக் கேட்பதை நினைத்தாலே எனக்கு மனம் ஆறுவதில்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்! உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 அறிக்கையில் கணக்குச் சொன்னது. அப்படியிருந்தும் புதியவர்கள் சான்றிதழும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள். கற்றுக்கொடுக்க ஆளும் நேரமும் ஒதுக்க மனமில்லாத நிர்வாகங்கள்தாம் "வேறெங்காவது கற்றுக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகின்றன.

இப்படி நாலு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டால், ஐந்தாவது இடம் எதுவானாலும் சரி என்று தோன்றிவிடும். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். ஒரு வாரம் மூத்த செவிலியர் பின்னால் நடந்தேன். இரண்டாவது வாரமே இரவுப் பணி, வார்டில் தனியாக. ஒரு நோயாளியின் மருந்துத் தாளில் இன்சுலின் 100 என்று படித்தேன். மருந்தை இழுக்க இழுக்கச் சிரிஞ்சு கடைசிக் கோடுவரை நிறைந்தது. படிக்கும் காலத்தில் அப்படி நிறைந்த இன்சுலின் சிரிஞ்சை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கை நின்றுவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வார்டுக்கு ஓடினேன். அங்கிருந்த சிஸ்டர் விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சைபர் இல்லை அம்மா, யூனிட்டுக்குப் போட்ட ‘யு’. பத்துதான்" என்றார். எழுதியவரின் அவசரத்தில் அந்த எழுத்து வாய் மூடி வட்டமாகியிருந்தது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மருந்து கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அன்று என்னைக் காப்பாற்றியது கூப்பிடு தூரத்தில் இருந்த ஓர் அனுபவசாலி. அவரும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: எத்தனை வாரம் மூத்தவர் துணையோடு வேலை செய்வேன்? அந்த வாரங்களில் என்னைக் கணக்கில் சேர்க்காமல் போதிய ஆள் இருக்குமா? இரவுப் பணி எப்போது தொடங்கும்? கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சாதீர்கள். ஒரு செவிலியர் தேர்ச்சி பெறுவதை ஐந்து படிகளாக 1984-இல் விளக்கினார் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர். ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே மூன்றாவது படி வருகிறது என்பது அவர் கணக்கு. நாற்பது ஆண்டுகளாகத் தொழிலுக்குள் பேசப்படும் விஷயத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லும் இடத்தை நான் நம்ப மாட்டேன்.

விண்ணப்பத்தில் "கடின உழைப்பாளி" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எந்த வார்டில் எத்தனை வாரம் இருந்தீர்கள், எதைத் தனியாகச் செய்தீர்கள், எதை உடனிருந்து பார்க்க மட்டும் செய்தீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுதான் வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம். நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பொது வார்டு அதைவிட மேல். இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டால், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படியுங்கள். சரிபார்த்து முடித்ததும் அசல் சான்றிதழ்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

இப்போது நானும் தேர்வு செய்யும் இடத்தில் உட்காருகிறேன். "அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் 84-க்கு 50 என்று இறங்கியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று அண்மையில் கேட்டோம். பலர் காரணங்களைப் பாடமாக ஒப்பித்தார்கள். ஒரு பெண் மட்டும், "முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பேன். கை சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். காயத்தின் மேல் போட்ட கட்டுத் துணியில் ரத்தம் ஊறியிருக்கிறதா, முதுகுக்கு அடியில் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூத்தவரை உடனே அழைப்பேன், அவர் வருவதற்குள் அழுத்தத்தை மறுபடி அளப்பேன்" என்றாள். பிறகு எங்களைக் கேட்டாள்: "இரவில் எனக்குச் சந்தேகம் வந்தால் யாரை அழைக்க வேண்டும்?"

பதில் சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவளை வேலைக்கு எடுத்தோம். மறுவாரம் முதல் இரவுப் பணிப் பட்டியலின் தலைப்பில், அன்றிரவு அழைக்க வேண்டிய மூத்தவரின் பெயரை எழுதி வைக்கிறோம்.