யாகர் திரும்பிப் போன ஊர்

வெளிநாட்டு லீக்கில் ஆடப் போகும் வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். எவ்வளவு சம்பளம், எத்தனை கோப்பை? செக் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகரை இந்த இரண்டையும் வைத்து அளந்தாலும் அவர் உச்சியில்தான் நிற்பார். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கில் 1733 ஆட்டங்கள், 766 கோல்கள். கோலுக்கு உதவிய பாஸ்களையும் சேர்த்தால் 1921 புள்ளிகள். அந்த லீக்கின் வரலாற்றிலேயே புள்ளிக்கணக்கில் அவருக்கு மேலே இருப்பவர் வேய்ன் க்ரெட்ஸ்கி ஒருவர்தான்.

நான் அவரை மதிப்பதற்குக் காரணம் வேறு. பிழைப்புக்காக வெளிநாடு போகவும், நினைத்தபோது ஊர் திரும்பவும் ஒரு மனிதனுக்கு உரிமை இருக்க வேண்டும். யாகர் அந்த உரிமையை ஒரு துளி மிச்சம் வைக்காமல் பயன்படுத்தியவர். அவருக்கு முன்னால் போன செக்கோஸ்லோவாக்கிய வீரர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் கதையைச் சொல்லாமல் யாகரின் கதையைச் சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் ஒன்றாக இருந்த பழைய நாடான செக்கோஸ்லோவாக்கியா 1947லும் 1949லும் ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன். 1950 மார்ச்சில் அந்த அணி லண்டனில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் பயணம் நிறுத்தப்பட்டது. கொதித்துப்போன வீரர்கள் பிராகில் ஒரு மதுக்கடையில் கூடி கம்யூனிஸ்ட் ஆட்சியைத் திட்டினார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. நாட்டை விட்டு ஓடத் திட்டமிட்டார்கள் என்று தேசத்துரோக வழக்கு. உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான போஹுமில் மோத்ரிக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை. யுரேனியம் சுரங்க முகாமில் வேலை பார்க்க வைத்தார்கள். சில ஆண்டுகளில் விடுதலையானாலும் உடல் தேறவில்லை, 1963ல் இறந்துபோனார். வெளிநாட்டில் ஆடலாமா என்று யோசித்ததற்கே இந்தத் தண்டனை.

அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1980 ஆகஸ்டில் ஸ்லோவாக் சகோதரர்கள் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் ஆன்டனும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஒரு போட்டிக்கு வந்த இடத்தில், கனடாவின் கியூபெக் நோர்டிக்ஸ் அணி ஆட்களோடு ரகசியமாகப் பேசித் தப்பினார்கள். பீட்டரின் மனைவி அப்போது கர்ப்பிணி. ஊருக்குத் திரும்பிய அண்ணன் மரியானை அதற்கப்புறம் ஆட விடவில்லை. அடுத்த ஆண்டு அவரும் குடும்பத்தோடு தப்பி வந்து தம்பிகளோடு சேர்ந்துகொண்டார். பீட்டர் முதல் பருவத்திலேயே 109 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் கோப்பையை வாங்கினார். அந்த வெற்றியைச் சொந்த ஊரில் போய்க் கொண்டாட அவருக்கு வழியில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், டொராண்டோவில் எனக்கு ஹாக்கி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். 80களில் கிளம்பி வந்தவர். ஆட்டத்தின் இடைவேளையில் ஒருநாள் ஸ்டாஸ்ட்னி சகோதரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "அம்மாவின்ர செத்தவீட்டுக்கும் போகேலாமப் போச்சு தம்பி" என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் அதில் மூழ்கிவிட்டார். ஊரை விட்டு வந்த வீரன் ஒருவன் ஊருக்குத் திரும்ப முடிந்ததா என்று அன்றிலிருந்து நான் கவனித்துப் பார்க்கிறேன்.

சரி, யாகருக்கு வருகிறேன்.

1972ல் பிறந்தவர். ஊர் க்ளாட்னோ, பிராகுக்குப் பக்கத்தில் இருக்கும் எஃகு ஆலை ஊர். அவருடைய தாத்தா ஒரு விவசாயி. நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்கு விட்டுக்கொடுக்க மறுத்ததால் சிறைக்குப் போனவர். யாகர் சட்டையில் போட்டுக்கொண்ட எண் 68. சோவியத் டாங்கிகள் பிராகில் நுழைந்த 1968ஐ மறக்கக் கூடாது என்பதற்காக எடுத்துக்கொண்ட எண் அது. பள்ளியில் படிக்கும்போது தன் மதிப்பெண் புத்தகத்துக்குள் அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் படத்தை வைத்திருந்த பையன் என்றால், வீட்டில் என்ன பேசி வளர்த்திருப்பார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

1990 ஜூனில் வான்கூவரில் என்ஹெச்எல் டிராஃப்ட் நடந்தது. இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். அன்றைக்கு இரண்டாவது இடத்தில் தேர்வானவரும் செக் பையன்தான், பெத்ர் நெட்வெட். அவர் 1989 ஜனவரியில் கனடாவின் கால்கரியில் ஒரு சிறுவர் போட்டிக்கு வந்த இடத்தில், அணி ஊருக்குக் கிளம்பும் முன் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய்த் தஞ்சம் கேட்டவர். வயது 17. அதே 1989 நவம்பரில் பிராகில் மக்கள் தெருவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சில மாதம் கழித்து, ஐந்தாவது இடத்தில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்குத் தேர்வான யாகர், யாருக்கும் பயப்படாமல் சொந்தப் பாஸ்போர்ட்டில் வந்து அரங்கில் உட்கார்ந்திருந்தார். பத்து மாத வித்தியாசத்தில் ஒருவர் அகதி, இன்னொருவர் தொழில்முறை வீரர். திறமையில் அவர்களுக்குள் பெரிய இடைவெளி கிடையாது.

கதவு திறந்திருந்தாலும் வந்த பிறகு படும் பாடு குறையவில்லை. ஐரோப்பாவில் ஐஸ் அரங்கம் 30 மீட்டர் அகலம் வரை இருக்கும். வட அமெரிக்காவில் 26 மீட்டர்தான். ஓரங்களில் இடம் கிடையாது. பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்த ரப்பர் வட்டு, பக், கையில் வந்த நொடியே ஒருவன் வந்து மோதுவான். இதைக்கூடப் பதினெட்டு வயதில் உடம்பு பழகிக்கொள்ளும். யாகருக்கு மொழி தெரியவில்லை. பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டுவது புரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்லும் கிண்டல் புரியாது. ஒரு செக் குடும்பத்தோடு தங்கியிருந்தும் ஊர் நினைப்பு அவரை வாட்டியது.

அப்போது பெங்குவின்ஸ் நிர்வாகம் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1990 டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து யிரி ஹ்ர்டினா என்ற அனுபவமுள்ள செக் வீரரை வர்த்தகம் செய்து கொண்டு வந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். ஆட்டத்துக்கும் உதவினார், ஆனால் பையனுக்குப் பேச ஒரு துணை வேண்டும் என்பதுதான் முக்கியக் காரணம். அந்தப் பருவத்தின் முடிவில் யாகர் 27 கோல் அடித்திருந்தார், அணி என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1992லும் வென்றது. அதே அணியில் ஆடிய மரியோ லெமியூ என்ற மேதையைப் பற்றி அந்த இரண்டு கோப்பைகளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். ஹ்ர்டினாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் கண்ணில் படுவது அபூர்வம். வெளிநாட்டிலிருந்து இளம் வீரர்களை எடுக்கும் ஒவ்வொரு கிளப்பும், அவர்கள் மொழி பேசும் ஒரு மூத்த வீரரையும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாசம் காட்டச் சொல்லவில்லை, அது கிளப்பின் கடமை.

அதன் பிறகான பிட்ஸ்பர்க் ஆண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன், அவை எல்லா இடத்திலும் கிடைக்கும். லீக்கில் அதிக புள்ளிகள் எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை ஐந்து முறை, 1999ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. நான் நிற்க விரும்புவது 1998 பிப்ரவரியில், ஜப்பானின் நகானோவில்.

என்ஹெச்எல் தன் பருவத்தையே நிறுத்தி வீரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது அதுதான் முதல் முறை. கனடாவும் அமெரிக்காவும் ரஷ்யாவும் நட்சத்திரங்களைக் குவித்திருந்தன. செக் அணியில் பாதிப் பேர் உள்ளூர் லீக்கில் ஆடுபவர்கள். அரையிறுதியில் கனடாவோடு பெனால்டி ஷாட் வரை போனது. கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் ஐந்தையும் தடுத்தார். இறுதியில் எதிரே ரஷ்யா. ஒரே கோல், 1–0. அந்தக் கோலை அடித்தவர் பெத்ர் ஸ்வோபோடா. அவர் யார் தெரியுமா? 1984ல் பதின்ம வயதில் மேற்கு ஜெர்மனிக்குப் போன இடத்தில் திரும்பாமல் தப்பியவர். ஒரு காலத்தில் ஓடிப்போனவன் என்று பழிக்கப்பட்டவர் அடித்த கோலுக்கு பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில் கூட்டம் பொங்கி வழிந்தது. அந்த அணியில் 68ஆம் எண்ணோடு யாகர் ஆடினார். அந்த ஆட்டத்தின் பதிவை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நெட்வெட்டின் கதையும் இதே பாதையில்தான் போனது. கனடிய குடியுரிமை வாங்கி 1994 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடி வெள்ளி வென்றார். பிறகு ஊரோடு உறவு புதுப்பிக்கப்பட்டு, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 42 வயதில் செக் அணியில் யாகரோடு சேர்ந்து ஆடினார்.

இப்போது, யாகர் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "காசு எங்கே இருக்கிறதோ அங்கே ஓடுவார்." 2001ல் பிட்ஸ்பர்க் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது, ஏனென்றால் பெங்குவின்ஸிடம் பணம் இல்லை. வாஷிங்டன் ஏழு ஆண்டுக்கு 77 மில்லியன் டாலர் கொடுத்தது. அங்கே அவர் ஆட்டம் எடுபடவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் நியூயார்க் ரேஞ்சர்ஸில் 2005–06ல் 54 கோல், 123 புள்ளிகள். 2008ல் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகர அணியான அவங்கார்டுக்குப் போனபோது ஏச்சு உச்சத்துக்குப் போனது. 2011ல் மறுபடி என்ஹெச்எல் வந்து, பிட்ஸ்பர்க்குக்குப் பதில் அதன் பரம எதிரி பிலடெல்பியாவில் சேர்ந்தபோது பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அவர் பக்கைத் தொடும்போதெல்லாம் கூச்சலிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். ஒரு கிளப்புக்குப் பணம் தீர்ந்தால் வீரனை விற்கலாம், அது வியாபாரம். வீரன் தனக்கு நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போனால் அது துரோகமா? பொறியாளரும் நர்ஸும் துபாய்க்கும் லண்டனுக்கும் போவதை நாம் குடும்பத்தைக் காப்பாற்றியதாகச் சொல்கிறோம். விளையாட்டு வீரனிடம் மட்டும் எங்கிருந்து இந்த விசுவாசக் கணக்கு வருகிறது?

ஓம்ஸ்கில் சம்பளத்துக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 அக்டோபர் 13, செகோவ் என்ற ஊரில் ஆட்டம். யாகரோடு ஒரே வரிசையில் ஆடிய 19 வயது அலெக்ஸி செரெபானோவ், ரேஞ்சர்ஸ் ஏற்கனவே டிராஃப்டில் எடுத்து வைத்திருந்த பையன், பெஞ்சில் யாகருக்குப் பக்கத்தில் இருந்தபோதே சரிந்து விழுந்தான். இதயக் கோளாறு. ஆம்புலன்ஸ் அரங்கை விட்டுக் கிளம்பியிருந்தது. பையன் பிழைக்கவில்லை. 2011 செப்டம்பரில் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகர லோகோமோட்டிவ் அணி சென்ற விமானம் கிளம்பிய உடனே விழுந்து மொத்த அணியும் போனது. அதில் யான் மாரெக், காரெல் ரகூனெக், யோசெஃப் வாஷிச்செக் என்ற மூன்று செக் வீரர்கள், யாகரோடு தேசிய அணியில் ஆடியவர்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் என்றதும் கோடிகளை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தச் சாவுகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

காசுக்காக மட்டுமே ஓடுபவர் என்ற பேச்சு க்ளாட்னோவில் நிற்காது. என்ஹெச்எல் உரிமையாளர்கள் வீரர்களோடு சண்டை போட்டு லீக்கை மூடிய 1994, 2004, 2012 மூன்று முறையும் யாகர் க்ளாட்னோவுக்கு வந்து ஆடினார். 2011ல் அந்தக் கிளப் அவர் கைக்கு வந்தது. எஃகு ஆலை நொடிந்துபோன ஊரில் ஹாக்கி கிளப் நடத்துவது லாபம் தரும் வேலையே இல்லை. 2018 ஜனவரியில், கால்கரி அணியில் 22 ஆட்டங்களோடு அவருடைய என்ஹெச்எல் வாழ்க்கை முடிந்தது. அப்போது 45 வயது. அங்கிருந்து நேராகத் தன் கிளப்புக்கு வந்தார், அது அப்போது இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. 2019ல் 47 வயதில், முதல் நிலைக்கு ஏறும் தகுதிச் சுற்றில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். அணி ஏறியது. அடுத்த ஆண்டே இறங்கியது, 2021ல் மறுபடி ஏறியது. ஐம்பது வயதைத் தாண்டியும் ஆடினார். தான் ஆடுவதை நிறுத்தினால் ஸ்பான்சர்கள் போய்விடுவார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வயதில் அவர் வேகம் போய்விட்டது, இளம் வீரனின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியவர்கள் உண்டு. வேகம் போனது உண்மை. ஆனால் அந்தக் கிளப் இல்லாமல் போனால் இளம் வீரனுக்கு எந்த இடமும் இருக்காது. 16 வயதில் தன்னை முதன்முதலில் பெரியவர்களோடு ஆட விட்ட கிளப்பைக் காப்பாற்ற ஒருவர் தன் முட்டியையும் முதுகையும் கொடுக்கிறார். இதைப் பேராசை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

2024 பிப்ரவரி 18 அன்று பிட்ஸ்பர்க் அவரை மறுபடி அழைத்தது. 68ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். கூச்சலிட்ட அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. 52 வயது யாகர் சட்டை மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு முன் இளைஞர்களோடு பயிற்சிச் சுற்றும் வந்தார். விழா முடிந்து க்ளாட்னோவுக்கே திரும்பினார்.

இன்னொன்று. டொராண்டோவில் இருக்கும் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர, தொழில்முறையாக ஆடுவதை நிறுத்தி மூன்று பருவங்கள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. க்ளாட்னோவுக்காக ஆடிக்கொண்டே இருந்ததால், லீக் வரலாற்றின் இரண்டாவது பெரிய புள்ளிக்காரரான யாகருக்கு அந்தக் கதவு வருஷக்கணக்காகத் தள்ளிப்போனது. சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 2024ல் தன்னுடைய மண்டபத்தில் அவரைச் சேர்த்துவிட்டது. டொராண்டோ மண்டபம் அவருக்காக விதியைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அவர் எப்போது நிறுத்துகிறாரோ அப்போதிலிருந்து மூன்று பருவங்களை எண்ணட்டும். மண்டபம் காத்திருக்கட்டும், க்ளாட்னோவுக்குத்தான் அவசரம் அதிகம்.